வீடு காட்டுகிறவன்

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு தேடிய நாட்களில் ஏஜெண்டிடம் என் மனைவி ஒருமுறை கேட்டாள். "இந்த ஏரியா எப்படிங்க, நல்ல ஏரியாதானே?" ஏஜெண்ட் நம்மூர்க்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தார். "அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லக் கூடாதும்மா. சொன்னா லைசென்ஸுக்கே ஆபத்து. ஸ்கூல் ரேட்டிங் இருக்கு பாருங்க, அதை வச்சு நீங்களே முடிவு பண்ணிக்கங்க." அன்று மாலை இன்னொரு வீட்டைப் பார்க்கப் போகிற வழியில் அவர் சில தெருக்களுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனார். ஜிபிஎஸ் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. காரில் இருந்த மூன்று பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

வீடு வாங்கிக் குடியேறிச் சில வருஷங்கள் கழித்துத்தான் ரிச்சர்ட் ஃபோர்டின் 'இண்டிபெண்டன்ஸ் டே' நாவலைப் படித்தேன். (வேற்றுக்கிரகவாசிகள் வெள்ளை மாளிகையைக் கொளுத்துகிற சினிமா வேறு. அது 1996, நாவல் அதற்கு முந்தைய வருஷம்.) கதைசொல்லி ஃப்ராங்க் பாஸ்கம் வீடு விற்கிற ஏஜெண்ட். ஹேடம் என்கிற கற்பனை ஊரில் இருக்கிறான். ஆனால் பிரின்ஸ்டன் பக்கம் வசிக்கிற யாருக்கும் ஹேடத்தை அடையாளம் தெரியும். அவன் வீடு காட்டக் கூட்டிப்போகும் பென்ஸ் நெக் கற்பனைகூட அல்ல, எங்கள் கவுண்டியில் உள்ள இடம். படிக்கப் படிக்க, முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நம்மூர்க்காரரின் தலைக்குள் அன்று என்ன ஓடியிருக்கும் என்பதை யாரோ 400 பக்கத்துக்கு மேல் எழுதி வைத்திருப்பதுபோல இருந்தது.

ஃப்ராங்க் பாஸ்கம் ஐந்து புத்தகங்களில் வருகிறான். 'தி ஸ்போர்ட்ஸ்ரைட்டர்' (1986), 'இண்டிபெண்டன்ஸ் டே' (1995), 'தி லே ஆஃப் த லேண்ட்' (2006), நான்கு நீண்ட கதைகள் கொண்ட 'லெட் மீ பி ஃப்ராங்க் வித் யூ' (2014), கடைசியாக 'பி மைன்' (2023). முதல் புத்தகத்தில் அவன் விளையாட்டுப் பத்திரிகையாளன். ஒரு சிறுகதைத் தொகுப்போடு இலக்கியத்தை நிறுத்திக்கொண்டவன். மூத்த மகன் ரால்ஃப் ஒன்பது வயதில் இறந்துபோகிறான், கல்யாணம் முறிகிறது. இரண்டாவது புத்தகத்தில் நாம் சந்திக்கும்போது அவனுக்கு 44 வயது, தொழில் வீடு விற்பது. புலிட்சர், பென்/ஃபாக்னர் இரண்டு பரிசுகளையும் ஒருசேர வாங்கிய முதல் நாவல் 'இண்டிபெண்டன்ஸ் டே'. ஃபோர்ட் பிறந்து வளர்ந்தது மிசிசிப்பியின் ஜாக்ஸனில். வடக்கத்திப் புறநகரின் கதையை எழுதியவர் ஒரு தெற்கத்திக்காரர் என்பது கடைசியில் முக்கியமாகிறது.

ஏன் ரியல் எஸ்டேட் ஏஜெண்ட்? நம் ஊர் புரோக்கரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இது பிடிபடாது. நம் புரோக்கர் டீக்கடையில் ஆள் பிடித்து, இரண்டு பக்கமும் பேசி, ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் இரண்டு பர்சென்ட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அமெரிக்க ஏஜெண்ட் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், உங்களோடு காரில் சுற்றுகிறார். உங்கள் சம்பளம் தெரியும், கடன் தெரியும், புருஷன் பெண்டாட்டிக்குள் யார் பேச்சு எடுபடும் என்பது மூன்றாவது வீட்டுக்குள் தெரிந்துவிடும். பாதிரியாருக்கும் டாக்டருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும்: உங்கள் ஆசைக்கும் உங்கள் காசுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது.

இந்த ஆளை அமெரிக்க இலக்கியம் முன்பே கண்டுகொண்டிருந்தது. சின்க்ளேர் லூயிஸின் 'பாபிட்' 1922லேயே வந்துவிட்டது. அதன் நாயகனும் வீடு விற்பவன்தான். தன்னை 'ரியல்டர்' என்றே அழைக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவன். (அந்தச் சொல் இன்றும் ஏஜெண்டுகளின் தேசிய சங்கத்துக்குச் சொந்தமான டிரேட்மார்க். அதில் உறுப்பினராக இல்லாத ஏஜெண்ட் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது.) ஆனால் லூயிஸ் பாபிட்டை வெளியே நின்று பார்க்கிறார், சிரிக்கிறார். அவனைவிட நாம் புத்திசாலி என்ற நிம்மதியோடு படிக்கலாம். ஃபோர்ட் அந்த நிம்மதியைத் தருவதில்லை. கதையை ஃப்ராங்கின் வாயிலேயே கொடுத்துவிடுகிறார், அதுவும் நிகழ்காலத்தில். ஃப்ராங்க் நம்மைவிட நன்றாகப் பேசுகிறான். நகைச்சுவை உண்டு, எமர்சன் படித்திருக்கிறான், தன் குறைகளை நாம் சொல்வதற்கு முன் அவனே சொல்லிவிடுகிறான். விற்பனைக்காரனின் முதல் பாடமே அதுதானே.

நாவல் நடப்பது 1988 ஜூலை நான்கு சுதந்திர தின வார இறுதியில். புஷ்ஷும் டுகாகிஸும் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். வெர்மான்டிலிருந்து வந்த மார்க்கம் தம்பதிக்கு ஃப்ராங்க் வீடு காட்டிக்கொண்டிருக்கிறான். நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிக்கவில்லை. ஜோ மார்க்கம் சிடுசிடுக்கிறான், வீட்டைப் பழிக்கிறான், ஃப்ராங்கைப் பழிக்கிறான். கடைசியாக ஒரு வீடு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. பார்த்தால் பின்வேலிக்கு அப்பால் ஒரு சிறைச்சாலை. காவல் குறைந்த, சாதுவான சிறைதான். இருந்தாலும் சிறை.

இந்தப் பக்கங்களை ஆங்கிலப் புனைவில் வீடு வாங்குவது பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தவை என்பேன். ஜோவின் கோபம் வீட்டைப் பற்றியது இல்லை என்பது ஃப்ராங்குக்குத் தெரியும். தன் பணத்துக்குக் கிடைக்கிற வீடு இதுதான் என்றால், தான் யார் என்பதற்கும் ஒரு விலை போட்டாகிவிட்டது என்று ஜோ பயப்படுகிறான். கலைஞன், மலைக்காட்டில் மண்பாண்டம் செய்கிறவன், தனி வழி போனவன் என்றெல்லாம் தன்னை நினைத்துக்கொண்டிருந்தவன். இப்போது இரண்டு பெட்ரூம், ஒரு கராஜ், பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருப்பது போலவே ஒரு புல்வெளி. எல்லாரையும் போலத்தான் நானும் என்று கையெழுத்துப் போடச் சொல்கிற இடம் க்ளோசிங் மேஜை. நானும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷத்து மார்ட்கேஜ் காகிதங்களில் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டபோது வந்த இனம் தெரியாத துக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஃபோர்ட்.

அந்தத் துக்கத்துக்கு ஃப்ராங்க் வைத்திருக்கும் மருந்து சமாதானம். இருப்பதை ஏற்றுக்கொள், அதிகம் ஆசைப்படாதே, பழசைத் தோண்டாதே, நாளைக்கு ஓட்டு. தன் வாழ்வின் இந்தக் கட்டத்துக்கு அவன் ஒரு பெயரே வைத்திருக்கிறான். தமிழில் 'இருப்புக் காலம்' என்று சொல்லலாம். கேட்க ஞானம் போல இருக்கிறது. பாதி நாவலுக்கு நானும் மயங்கித்தான் இருந்தேன். பிறகுதான் உறைத்தது, இது தத்துவமாக வேஷம் போட்ட வியாபாரப் பேச்சு. வாங்குகிறவன் தன் கனவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்தான் விற்பனை முடியும், கமிஷன் கைக்கு வரும். அதையே ஃப்ராங்க் வாழ்க்கைக்கும் பொருத்திக்கொண்டான். அல்லது வாழ்க்கையில் அடிபட்டு அந்த முடிவுக்கு வந்ததால்தான் இந்தத் தொழில் அவனுக்கு இவ்வளவு எளிதாக வருகிறதா? இரண்டில் எது முதலில் வந்தது என்று நாவல் சொல்வதில்லை. அதன் பலமே அங்கேதான்.

மருந்து அவனுக்கே வேலை செய்யவில்லை என்பதற்கு நாவலில் சாட்சி உண்டு. பழைய நினைவுக்காக வீடு வாங்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் போதிக்கக்கூடியவன், மாஜி மனைவி ஆன் மறுமணம் செய்துகொண்டு கனெக்டிகட் போனதும் அவள் இருந்த வீட்டையே வாங்கி அதில் குடியிருக்கிறான்! அந்த வார இறுதியில் பதினைந்து வயது மகன் பாலைக் கூட்டிக்கொண்டு கூடைப்பந்து, பேஸ்பால் புகழ்மண்டபங்களைப் பார்க்கக் கிளம்புகிறான். பையன் கடையில் திருடி மாட்டியிருக்கிறான், செத்துப்போன நாயைப் போலக் குரைக்கிறான். அவனுக்கு ஃப்ராங்க் எமர்சனையும் சுதந்திரப் பிரகடனத்தையும் கொண்டுபோகிறான். மகனுக்கும் ஒரு வீட்டைக் காட்டுகிற மாதிரிதான் வாழ்க்கையைக் காட்டுகிறான்: வெளிச்சம் எப்படி வருது பார், கூரையைப் பத்தி அப்புறம் பேசலாம். பையன் வாங்குவதாக இல்லை. பேஸ்பால் இயந்திரம் வீசிய பந்து அவன் கண்ணைத் தாக்கும்போது, பேசிப்பேசிச் சமாளிக்க முடியாத ஒன்று முதல் தடவையாக ஃப்ராங்குக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இதுவரை சொன்னதை ஃபோர்டை வியக்கிற எல்லாரும் சொல்வார்கள். என் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது.

ஹேடத்தில் வாலஸ் ஹில் என்று ஒரு பகுதி. கறுப்பினக் குடும்பங்கள் காலங்காலமாக இருக்கிற சில தெருக்கள். அங்கே ஃப்ராங்க் இரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். ஊருக்கு ஏதோ திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் திருப்தி. ஒரு வீட்டில் மெக்லியாட் குடும்பம், கணவன் கறுப்பர், மனைவி வெள்ளைக்காரர். வாடகை நேரத்துக்கு வருவதில்லை. மார்க்கம் தம்பதியின் முகச்சுளிப்பு ஒவ்வொன்றையும் படித்துவிடுகிற ஃப்ராங்க், மெக்லியாட் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒன்றையும் படிக்க முடியாதவன் ஆகிவிடுகிறான். அவர்கள் ஏன் தன்னை விரும்பவில்லை என்று குழம்புகிறான். அவ்வளவுதான்.

இன்னொருத்தி க்ளேர் டிவேன். அதே கம்பெனியில் வேலை பார்த்த கறுப்பினப் பெண், கொஞ்ச காலம் ஃப்ராங்கின் காதலி. ஒரு காண்டோவைக் காட்டப் போன இடத்தில் கொல்லப்பட்டாள். செய்தவன் யார் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத ஆளோடு காலி வீட்டுக்குள் போவது இந்தத் தொழிலின் அன்றாடம். அந்த அன்றாடத்தில் ஒரு பெண்ணுக்கு, அதிலும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு என்ன நேரலாம் என்பது நாவலின் நடுவில் திறந்தே கிடக்கிற கிணறு. ஃப்ராங்க் அடிக்கடி அதன் விளிம்புக்குப் போகிறான், எட்டிப் பார்க்கிறான், இருப்புக் காலத்துக்குத் திரும்பிவிடுகிறான்.

அந்தத் தெருக்கள் ஏன் தனியாக இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு அவனுடைய தொழிலிடமே பதில் இருக்கிறது. ஒரு தெருவின் விலையைக் குறைக்கக்கூடிய இனத்தாரையோ நாட்டினரையோ அங்கே குடியேற்றக் காரணமாக இருக்காதே என்று ஏஜெண்டுகள் சங்கம் 1924இல் தன் நன்னடத்தை விதியிலேயே எழுதி வைத்தது. வெளிப்படையாக இனத்தைச் சொல்லும் வார்த்தைகள் 1950இல்தான் நீங்கின. 1930களில் அரசாங்கமே வரைபடத்தில் கறுப்பினப் பகுதிகளைச் சிவப்பாக்கியது, அங்கே வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. 1947இல் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன், அமெரிக்கப் புறநகருக்கே அச்சு. அதில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. எங்கள் ஏஜெண்ட் "சொல்லக் கூடாதும்மா" என்றது அந்தச் சட்டத்தை நினைத்துத்தான். 1975இல் மவுண்ட் லாரல் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டி ஏழைகளை ஊருக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்றது. ஹேடம் போன்ற ஊர்களுக்குச் சொன்ன தீர்ப்பு அது.

இதையெல்லாம் ஃப்ராங்க் பட்டியல் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நாவல் அறிக்கை இல்லையே. ஆனால் மார்க்கம் தம்பதி கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று பாருங்கள். எந்த வீட்டையும் வாங்காமல், வாலஸ் ஹில்லில் ஃப்ராங்கின் காலி வீட்டுக்கு வாடகைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு இடைத்தங்கல். காசு சேர்ந்ததும் கிளம்பலாம். அந்தத் தெருவின் மற்றவர்களுக்கோ, தொழிலும் சட்டமும் சேர்ந்து ஒதுக்கிக் கொடுத்த இடம். ஃபோர்ட் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வைத்துவிட்டார். ஜாக்ஸனில் வளர்ந்தவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அவர் படைத்தவன்தான் பார்க்க மறுக்கிறான். 1995இல், அவனுடைய மறுப்பின் வசீகரத்தில் நாவலும் கொஞ்சம் மயங்கிவிட்டது என்பது என் குற்றச்சாட்டு.

'தி லே ஆஃப் த லேண்ட்' இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. 2000, புஷ் - கோர் வாக்கு எண்ணிக்கை இழுபறியில் இருக்கிற நன்றியறிதல் வாரம். ஃப்ராங்க் இப்போது ஜெர்சிக் கடற்கரையில் சொந்தமாக ரியல் எஸ்டேட் கம்பெனி நடத்துகிறான், ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் வேலை பார்ப்பவர் மைக் மஹோனி என்று ஐரிஷ் பெயர் சூட்டிக்கொண்ட திபெத்தியர். பௌத்தர், ரிபப்ளிகன் அனுதாபி, வயல்வெளியில் மாளிகை மாளிகையாகக் கட்டி விற்க ஆசைப்படுகிறவர். நம் திசையிலிருந்து ஃப்ராங்கின் உலகத்துக்குள் வந்த ஒரே முக்கிய மனிதர். எங்கள் ஏஜெண்ட் இதில் இருப்பாரா என்று ஆவலோடு படித்தேன். மைக் பல இடங்களில் வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடுகிறார். இந்த ஊரில் வந்து நிற்பதற்கு அவர் என்னென்ன கழற்றிப் போட்டார் என்ற கணக்கு ஃப்ராங்கின் லெட்ஜரில் இல்லை. குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடு என்று நாவல் சத்தம் போடுவதும், பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் போனதால்தானோ என்று தோன்றுகிறது.

2014இல் வந்த கதைகளில்தான் ஃபோர்ட் பழைய கடனை அடைக்கிறார். சாண்டி புயல் கடற்கரையை வாரிப்போட்டுவிட்டது. ஃப்ராங்குக்கு 68 வயது, தொழிலை விட்டாயிற்று, ஹேடத்துக்கே திரும்பிவிட்டான். முதல் கதையில், அவனிடமிருந்து கடற்கரை வீட்டை வாங்கியவர் கூப்பிடுகிறார், வந்து பார் என்கிறார். போய்ப் பார்த்தால் வீடு நாசம். விற்றவனுக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனாலும் போய் நிற்கிறான்.

இரண்டாவது கதை இன்னும் ஆழமானது. வாசலில் ஒரு கறுப்பினப் பெண்மணி, மிஸ் பைன்ஸ். சிறுவயதில் இந்த வீட்டில் இருந்தேன், உள்ளே பார்க்கலாமா என்று கேட்கிறார். ஃப்ராங்க் பழைய தொழில் பழக்கத்தில் உபசரித்து உள்ளே அழைக்கிறான். தயக்கத்தோடு அவர் சொல்லத் தொடங்குகிறார். இந்த வீட்டில்தான் அவருடைய அப்பா, அம்மாவையும் தம்பியையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். அவன் காலடியில் இருக்கிற அதே பேஸ்மென்ட். வாழ்நாளெல்லாம் பிறருக்கு வீடுகளை விளக்கியவனுக்குத் தான் குடியிருக்கிற வீட்டைப் பற்றி இது தெரியாது. மார்க்கம் தம்பதியிடம் அவ்வளவு சரளமாகப் பேசியவனிடம் இப்போது சொல்வதற்கு வார்த்தை இல்லை. ஏதோ முனகுகிறான், கேட்கிறான். வீடு காட்டுகிறவனுக்கு முதல் தடவையாக ஒருவர் வீட்டைக் காட்டுகிறார், அதுவும் ஊர் எந்தத் தெருக்களில் ஒதுக்கி வைத்ததோ அந்த மக்களில் ஒருவர். இதைப் படித்தபிறகு 'இண்டிபெண்டன்ஸ் டே'யைத் திரும்ப எடுத்தால், மெக்லியாட் வீட்டு வாசலில் நிற்கிற ஃப்ராங்க் வேறு மாதிரித் தெரிகிறான். அங்கே அவன் பேச வந்திருந்தான். கேட்க வந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைக்கார ஏஜெண்டின் குருட்டுத்தனத்தைப் பற்றித் தமிழில் எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்கலாம். 2019இல் லாங் ஐலண்டின் 'நியூஸ்டே' பத்திரிகை ஒரு விசாரணையை வெளியிட்டது. மூன்று வருஷம் ரகசியக் கேமராவோடு ஆட்களை அனுப்பி, 93 ஏஜெண்டுகளைச் சோதித்தார்கள். கறுப்பினத்தவர் சோதனைகளில் 49 சதவீதம், ஹிஸ்பானியர் சோதனைகளில் 39 சதவீதம், ஆசியர் சோதனைகளில் 19 சதவீதம் பாகுபாட்டின் அறிகுறிகளைக் காட்டின. அந்த 19இல் நாம் இருக்கிறோம். பிறர் சுமக்கிற 49க்கும் நம்முடைய 19க்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியிலும் நாம்தான் வீடு வாங்கியிருக்கிறோம். ஃப்ராங்கின் பென்ஸ் நெக்கைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இன்று பாதிக்கு மேல் ஆசியப் பிள்ளைகள். மார்க்கம் தம்பதி சிறைச்சாலையைப் பார்த்துத் திரும்பிய வீட்டை, ஸ்கூலுக்காக நம்மில் ஒருவர் கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்கியிருப்பார்.

ஆகஸ்டில் யாராவது டெக்ஸாஸிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாற்றலாகி வருகிறார்கள். போன் வரும். "அண்ணா, நீங்கதான் அங்க ரொம்ப நாளா இருக்கீங்க. அந்தப் பக்கம் வீடு பாக்கறோம். ஏரியா எப்படி?" எனக்கு லைசென்ஸ் கிடையாது. எந்தச் சட்டமும் என் வாயைக் கட்டவில்லை. அந்தப் பக்கம் எந்தப் பக்கம், அந்தத் தெருக்களில் யார் இருக்கிறார்கள், ஏன் அங்கே இருக்கிறார்கள் எல்லாம் இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். இருந்தும் பத்து வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்.

"ஸ்கூல் ரேட்டிங் பாத்துக்கப்பா."